நாலு நாய்க்கு ஒரு லாட் கார்டு

நோட்டீஸை முதலில் படித்தது பிரிசில்லாதான். கம்பெனி பஸ்ஸுக்கு அவள் நிற்கிற மின்கம்பத்தில், பசை காயாமல் ஒட்டியிருந்தது. வளர்ப்பு நாய்க்குப் பேரூராட்சியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்குச் சான்று வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவார்கள்.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். போன வருஷமும் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. கருப்பன் என்ற கிழட்டு நாயை ஏற்றிக்கொண்டு போனது. கருப்பன் திரும்பி வரவேயில்லை. கேட்டதற்கு, "விட்டாச்சும்மா" என்றார்கள். எங்கே விட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை.

பிரிசில்லாவுக்கு நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வயதில் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் நிஷா கல்யாணமாகி நெமிலியில் இருக்கிறாள். கம்பெனியில் பிரிசில்லாவைப் பற்றி ஒரு கதை இன்றைக்கும் சொல்வார்கள். பாத்ரூம் போக நாற்பது பெண்களுக்கு ஒரே டோக்கன் என்று ஒரு மேனேஜர் சட்டம் போட்டார். ஒரு சாயங்காலம் அந்த டோக்கனை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். மறுநாள் காலையிலிருந்து டோக்கனைத் தேடினார்கள். டோக்கன் இல்லாமல் பெண்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதோடு டோக்கன் ஒழிந்தது. மேனேஜர் மறுபடி புது டோக்கன் போடவில்லை.

தெருவில் நாலு நாய்கள். செவலை, பொட்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்து மேற்பார்வை பார்ப்பதுபோல் திரும்பிப் பார்க்கிற மேஸ்திரி, அப்புறம் ஓட்டி. அவள் ஓவர்டைம், அதாவது ஓ.டி., செய்துவிட்டு வரும் நாட்களில் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவதால் அந்தப் பெயர். அவள் சோறு போடுவாளே தவிர, தூக்கிக் கொஞ்சமாட்டாள். "தின்னுட்டுப் போங்க, எனக்கு வேலை கெடக்குது" என்பாள்.

கழுத்தில் பட்டை இருந்தால் வண்டிக்காரர்கள் பிடிக்கமாட்டார்கள் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். கட்டிங்கில் கழித்த பிட்டுத் தோலுக்காகச் சூப்பர்வைசர் சாமுவேலிடம், வெளியே எடுத்துப்போக கேட் பாஸ் கேட்டாள்.

"நாய்க்காம்மா? ஐரோப்பாவுக்குப் போற தோலு அது."

"அப்ப எங்க தெரு நாயிங்களும் கொஞ்ச நாளு ஐரோப்பாவுல இருக்கட்டும் சார்."

சாப்பாட்டு நேரத்தில், ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு நாலு பட்டை தைத்தாள். வண்டி வந்தது. பட்டைகளைப் பார்த்தது. போய்விட்டது. தெருவே சிரித்தது.

அடுத்த வாரம் ஓட்டி, அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஆதிகேசவனின் ஸ்கூட்டரைத் துரத்தியது. அவர் சாக்கடை ஓரம் சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிரிசில்லாதான் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்து அழைத்து வந்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, பட்டையோடு நாலு நாயையும் போட்டோ எடுத்துப் பேரூராட்சிக்குப் புகார் அனுப்பினார்.

சுகாதார ஆய்வாளர் இளம்பரிதி நேரிலேயே வந்தார். சின்ன வயசு, பொறுமையான ஆள்.

"பட்டை யாரும்மா போட்டது?"

"நான்தான் சார். தச்சதும் நான்தான்."

"அப்ப உங்க நாய்ங்க. நாலுக்கும் லைசென்ஸ் எடுங்க."

"நான் லெட்டர் குடுக்கமாட்டேன்" என்றார் ஆதிகேசவன், கேட்டைப் பிடித்துக்கொண்டு. "என் வீட்ல நாய்க்கு எடம் கெடையாது."

"உங்க கேட்டுக்குள்ள ஒரு நாயாவது வந்துருக்கா சார்?"

"வரல. வந்தா தெரியும்."

இளம்பரிதி நெற்றியைத் தேய்த்தார். "லைசென்ஸ் இல்லன்னா பட்டையக் கழட்டிடுங்க. செவ்வாக்கிழமை வண்டி வரும்."

"எடுக்கவும் மாட்டேன், கழட்டவும் மாட்டேன் சார். நாயிங்க தெருவோடது. பட்டைதான் என்னுது."

"ரெண்டுல ஒண்ணுதாம்மா ரூல்ல இருக்குது."

"புடிச்ச எடத்துலயே விடணும்னும் ரூல்லதானே சார் இருக்குது? ஊசி போடுங்க, ஆபரேஷன் பண்ணுங்க, நான் வேணாம்னே சொல்லல. நாலு போனா நாலு வரணும். அதுக்கு யாரு கையெழுத்து?"

இளம்பரிதி பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆதிகேசவன் கேட்டிலிருந்தே சொன்னார். "செவ்வாக்கிழம பட்டை கழுத்துல இருந்துச்சுன்னா, நீ வீட்டைக் காலி பண்ணிடு. சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை என்றெல்லாம் எழுத முடியாது. நன்றாகத் தூங்கினாள். காலையில் மெஷினில் உட்கார்ந்தபோதுதான் வழி தெரிந்தது.

ஷூ கம்பெனியில் ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்குத் தோல் போனால் கூடவே ஒரு லாட் கார்டு போகும். எத்தனை ஜோடி, என்ன நிறம், என்ன சைஸ். வாங்குகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். திரும்பி வரும்போது ஒரு ஜோடி குறைந்தாலும் லாட் மூடாது. குறைந்தது கிடைக்கிறவரை அந்த கார்டு ஆணியில் தொங்கும், அதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பேஜாராகும்.

எதிர்வீட்டு அஃப்ஸர் ஜஹான் அக்காவிடம் நல்ல போன் இருந்தது. "நாயை நான் தொடமாட்டேன்" என்றாள் அவள். "போட்டோ வேணும்னா எடுத்துத் தர்றேன்."

"போதும் ஆபா."

"அவரு காலி பண்ணச் சொல்லிட்டாராமே? எங்க மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது."

பிரிசில்லா அந்த மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

கம்ப்யூட்டர் கடையில் பிரின்ட் எடுத்த போட்டோக்களை அட்டையில் ஒட்டினாள். செவலை, பெட்டை. பொட்டு, பெட்டை, நெத்தியில் வெள்ளை. மேஸ்திரி, ஆண், வால் மடங்கியது. ஓட்டி, ஆண், பின்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. கீழே இரண்டு கட்டம் போட்டாள்: போனது, வந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டாள். வண்டிக்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா இது, நாய்க்கு ரேஷன் கார்டா?"

"போனது நாலுன்னு கையெழுத்துப் போடுங்கண்ணே."

"அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல."

அவள் வீட்டுக்குள் போய் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து, முன் டயருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஹாரன் அடித்தார். அவள் பையிலிருந்து கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள். கடைசியில் அவர் இளம்பரிதிக்குப் போன் போட்டார். "போட்டுடுப்பா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

கையெழுத்து விழுந்த பிறகு அவளே மேஸ்திரியைத் தூக்கிக் கூண்டில் வைத்தாள். மற்ற மூன்றும் பின்னாலேயே ஏறின. நாலு கழுத்திலும் பட்டை இருந்தது. ஆதிகேசவன் கேட்டில் நின்று பட்டைகளை எண்ணினார்.

ஆறாம் நாள் வண்டி திரும்பியது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டு மூன்று நாய்கள் இறங்கின. ஓட்டி இல்லை.

"மூணுதான்க்கா அங்க ஏத்துனாங்க. மூணுன்னு எழுதிக் குடு, நான் கெளம்பறேன்."

"மூணுன்னு எழுதிட்டா விஷயம் முடிஞ்சு போயிடும். எழுதமாட்டேன்."

மறுநாள் முழு நாள் லீவு. பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருந்த கருத்தடை மையத்துக்குப் போனாள். வரிசையாகக் கூண்டுகள். ஏழாவது கூண்டில், வேறு ஊர் நாய்களோடு, ஓட்டி நின்றிருந்தது. ஆபரேஷனுக்காகப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் அந்தக் கூண்டையே எங்கோ கொண்டுபோய்த் திறந்துவிட இருந்தார்கள்.

"பட்டை இல்லியேம்மா" என்றார் அங்கே இருந்தவர். "உன்னுதுன்னு எப்டி நம்பறது?"

"என்னுதுன்னு யாரு சொன்னா? எங்க தெருவுது. பின்னங்காலு வெள்ளை, போட்டோ இருக்குது, உங்க வண்டிக்காரரு கையெழுத்து இருக்குது. வந்ததுங்கற கட்டம்தான் காலியா இருக்குது. ரொப்பிக் குடுங்க, போயிடறேன்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூண்டுச் சாவியை எடுத்தார்.

ஓட்டியை ஒரு பழைய துப்பட்டாவால் கட்டி ஆட்டோவில் அழைத்து வந்தாள். கேட்டில் ஆதிகேசவன்.

"மூணு போதாதா உனக்கு?"

"நாலு போச்சு சார், நாலு வந்துச்சு. இதுக்குப் பட்டை வெட்டிட்டாங்க. நாளைக்குப் புதுசா தச்சிடுவேன்."

"அப்ப நான் சொன்னது?"

"ஞாபகம் இருக்குது சார். ஞாயித்துக்கிழம காலி பண்றேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொன்னதை விழுங்க அவருக்கும் வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா எதிர்வீட்டு மாடிக்குக் கட்டிலையும் பீரோவையும் ஏற்றினாள். தெருவின் அகலம்தான் தூரம். கையெழுத்து நிரம்பிய அட்டையைப் புது ரூம் வாசலில் ஆணி அடித்து மாட்டினாள்.

அவள் வீடு மாறினாள். நாய்கள் மாறவில்லை. எப்போதும் படுக்கிற இடத்தில், ஆதிகேசவன் வீட்டு வேப்பமர நிழலில், கேட்டுக்கு வெளியே நாலும் கால் நீட்டிப் படுத்திருந்தன. ஸ்கூட்டர் உள்ளே போகவேண்டும். அவர் ஹாரன் அடித்தார். மேஸ்திரி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"ஏம்மா பிரிசில்லா! உன் நாயிங்களக் கூட்டிட்டுப் போ!"

மாடிச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என் நாயிங்க இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை உதறினாள்.