மோகனராஜின் இரண்டாவது லொறி

மோகனராஜ் அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. வாலிபத்தில் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். கல்யாணம் ஆனதும் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடைக்கு வந்து, அங்கேயே தலை நரைத்தார். போன வருடம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். குண்டசாலையில் எங்களுக்குப் பக்கத்து வீடு என்பதால், அவர் வேலை தேடி அலைந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புடவை மடித்த கைக்கு யாரும் வேலை தரவில்லை. ஆனால் கனரக வாகன லைசனை மட்டும் அவர் ஒருமுறைகூடக் காலாவதியாக விட்டதில்லை. ஓட்டாத லொறிக்கு எதற்கு லைசன் என்று அவர் மனைவி யசோதா அக்கா ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார்.

மடவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஷிம் நானாவுக்கு டிரைவர் தேவைப்பட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் லொறி விசயத்தில் கூடப் பிறந்த தம்பியையும் நம்பமாட்டார்.

“லைசன் ஈக்கி, சரி. கை கால்ல பழக்கம் ஈக்கா?” என்று கேட்டார்.

பன்விலயில் வீடு கட்டும் வீரையாவுக்கு ஒரு லோடு சீமெந்து போகவேண்டும். ஒடுக்கமான பாதை, லொறியைத் திருப்ப முடியாது, பின்பக்கமாகத்தான் ஏற்றவேண்டும். தான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் அங்கே நிற்பதாகச் சொன்னார் நானா. சேதமில்லாமல் கொண்டுபோய் நிறுத்தினால் வேலை, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடையில் வழக்கமாகப் போகிற கிளீனர், புது டிரைவர் இருபத்தைந்து வருடமாக லொறியைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டதும், தனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் அந்தப் பாதையில் ஏற்ற முடியாது. சோற்றுப் பார்சல் கொடுக்க வந்திருந்த யசோதா அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மடவளைச் சந்தியிலேயே என்ஜின் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தான். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. வத்தேகம தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான் கால் தானாகக் கிளட்சுக்குப் போனது, கை தேடாமலே கியரைப் பிடித்தது. அவர் முகம் மலர்ந்ததை அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பின்னுக்கு எடுக்கும்போது உரக்கச் சொல்லவேண்டும் என்றும், லொறியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ, பஸ் மணிக் கணக்குத்தான் என்றும் அண்ணன் வழியில் சொல்லிக்கொடுத்தார்.

வீரையா வீட்டுப் பாதையில் ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான். மற்றப் பக்கம் முந்தின நாள் கட்டிய மதில், ஈரம் காயவில்லை. பைப்படியில் பெண்கள் குடத்துடன் நின்றார்கள். அக்கா பின்னால் போய் நின்றார். சத்தம்தான் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் புருசனிடம் குரலை உயர்த்திப் பழகாதவர். கொஞ்சம் பார்த்து வாங்க என்று வீட்டில் சோறு போடுகிற குரலில் சொன்னார். என்ஜின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? லொறி ஒரு வாழைமரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

ஹாஷிம் நானா வந்து, சாவிக்காகக் கையை நீட்டினார். அண்ணன் தலையைக் குனிந்தபடி சாவியை உருவினார். கடை மூடிய அன்றும் இப்படித்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அதை இன்னொரு தடவை பார்க்க அக்காவால் முடியவில்லை.

“நானா, தப்பு அவரோடது இல்ல. நாந்தான் சத்தம் போடல. ரோட்டுல புருசன அதட்ட வெக்கமா இருந்திச்சி. இன்னும் ஒரே ஒரு தடவ பாருங்க.”

குலை வெட்டிய மரம்தான், எப்படியும் சாய்க்க இருந்தது என்றார் வீரையா. நானா யோசித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

இந்த முறை அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“வா... வா... இன்னும் வா... இடது பக்கம் ஒடி. ஒடின்னு சொன்னேன்ல?”

பைப்படியில் சிரிப்பு எழுந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுச் சுவர் கேட்காத குரல் அது. மதிலுக்கு ஒரு சாண் இருக்கையில், உள்ளங்கையால் லொறியின் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டு. லொறி நின்றது. மதிலில் ஒரு கீறல் இல்லை.

சீமெந்து இறக்கி முடியும்வரை நானா அந்த ஒரு சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கேட்கவில்லை.

“நாளைக்குத் தெல்தெனியவுக்கு ஒரு லோடு ஈக்கி. ரெண்டு பேரும் வாங்க. தங்கச்சிக்குச் சம்பளம் வேற.”

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், என்ஜினைப் போட்டார். ஆனால் லொறியை எடுக்காமல், பக்கத்தில் ஏறியிருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறகு ஜன்னலால் கையை வெளியே போட்டு, பைப்படியில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, கதவில் இரண்டு தட்டு தட்டினார்.