எண்ணெய் விடாத கீல்

பாலோ என்ற ஊர்ப்பக்கத் தோட்டத்தில் துரைக்கு நான் கார் ஓட்டச் சேர்ந்தபோது, கார் கொட்டகையின் கதவு தொங்கித் தரையில் உரசியது. சரிசெய்ய வந்த தச்சருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. உளியைத் தொடுமுன் புறங்கையால் பலகையைத் தடவிப் பார்ப்பார். அன்று கதவின் கைப்பிடிக்கு வெகு கீழே அந்தக் கை நின்றது.

“இங்க வழுவழுன்னு இருக்கு பாருங்க, தம்பி. முன்ன இருந்த டிரைவரு மவ தள்ளித் தள்ளித் தேஞ்சது.”

“இப்ப எங்க அந்தப் புள்ள?”

“காய்ச்சல்ல போயிடுச்சு.”

ஆடிய கீல்களுக்குப் புதுத் திருகாணி முடுக்கினார். உரசிய விளிம்பை இழைத்தார். மேல்கீலுக்கு எண்ணெய் விட்டவர் அடிக்கீலுக்கு விடவில்லை.

“அது கத்துமே, அண்ணே?”

“கத்தட்டும். அந்தப் புள்ள வந்தா உங்களுக்குத் தெரியணும்ல.”

அவள் அவருக்கு என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. அங்கே இருந்தவரை அந்தக் கீலுக்கு நானும் எண்ணெய் விடவில்லை.