அண்ணனைச் சேர்க்க அருமனைக்குப் போன சனிக்கிழமை

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதன் பிறகு மூன்று மாதம் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாகர்கோவில் கோட்டாறில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவும் அண்ணன் அஜினும்தான். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. தானாகக் குளிப்பான், சாப்பிடுவான். அடுப்பு, பணம், சாலை மூன்றுக்கும் கூட ஆள் வேண்டும். ‘நீ லீவு போடக்கூடாதா?’ என்று கேட்கப் போகிறவர்கள், மூன்று மாதம் லீவு கொடுக்கும் கம்பெனி எதுவென்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஆகவே ஒரு விடுதி தேடினேன். முதலில் பார்த்தது நகருக்குள் இருப்பது. பளபளக்கும் தரை, சுவரெல்லாம் பிரமுகர்களின் படம். முப்பது பேருக்கும் ஒரே மஞ்சள் டீ-ஷர்ட். பெண்களுக்கும் சேர்த்து மொட்டையை ஒட்டிய கிராப். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்று, “வணக்கம் அக்கா” என்றார்கள். என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் என்னை அக்கா என்றதும் வெளியே வந்துவிட்டேன். யாரோ சொல்லி, அருமனைப் பக்கம் பன்னிரண்டு பேர் மட்டும் தங்கும் சிறிய இல்லம் ஒன்று உண்டு என்று தெரிந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கே போகிறோம் என்று அவன் கேட்டான். “திற்பரப்பு அருவிக்கு” என்றேன். துண்டும் எடுத்து வைத்தேன். இப்படித்தான் எங்கள் வீட்டில் அவனைப் பல் டாக்டரிடமும் கூட்டிப்போவோம்.

வடசேரி பேருந்து நிலையத்தில் காலை 7.40க்கு மார்த்தாண்டம் வண்டி. முப்பது கிலோமீட்டர் சொச்சம், எனக்கு 28 ரூபாய். அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி பாஸ் உண்டு. கண்டக்டர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம், “அவன் எங்க எறங்குவான்?” என்றார்.

“அவன்ட்டயே கேளுங்க, வாய் இருக்குல்லா” என்றேன் சூடாக.

அண்ணன், “அருவி” என்றான். என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மார்த்தாண்டத்தில் 9.10க்கு இறங்கி சாயா குடித்தோம், இரண்டு சாயா 30 ரூபாய். அங்கிருந்து அருமனைக்குப் பெண்களுக்கான இலவசப் பேருந்து கிடைத்தது. பதினொரு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது, சாலை அப்படி. அருமனையிலிருந்து ஆட்டோவில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர், 100 ரூபாய். 10.50க்கு இல்லத்தின் வாசலில் நின்றோம்.

ஓடு வேய்ந்த பழைய வீடு. பின்னால் புதிதாகக் கட்டிய நான்கு அறைகள். தரை அப்படியொன்றும் பளபளக்கவில்லை. பொறுப்பாளர் லிசி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைத் தாண்டி நேராக அண்ணனிடம் போனார்.

“வாங்க. வெள்ளம் வேணுமா, சாயா வேணுமா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் “சாயா” என்றேன்.

“மக்கா, ஒன்ட்ட நான் கேக்கலியே” என்றார். எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம். அண்ணன் கடைசியில், “வெள்ளம்” என்றான்.

“எதுக்கு வந்திய?” என்று அவனிடம் கேட்டார்.

“குளிக்க. அருவி எங்க?”

லிசி அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறைக்கிறது. அவன் தண்ணீர் குடிக்கப் போனதும் மெதுவாகச் சொன்னார். “நல்லா சுத்திப் பாரு. யார்ட்ட வேணாலும் பேசு. ஆனா போறதுக்கு முன்னே அவருட்ட உள்ளதைச் சொல்லணும். பொய் சொல்லி விட்டுட்டுப் போன ஆளு, பிறவு நாங்க சொல்லுறது ஒண்ணையும் நம்பாது. ஆறு மாசம் வாசல் கேட்டுப் பக்கமே நிக்கும். கண்டிருக்கேன்.”

“சொல்லலேன்னா?”

“சேர்க்க மாட்டேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவள், உரிமை பேசுகிறவள், மாட்டிக்கொண்டேன் அல்லவா. வேறு வழியில்லாமல் சுற்றிப் பார்த்தேன். கழிப்பறையில் நாற்றமில்லை, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. முந்தைய இடத்தில் தாழ்ப்பாளே கிடையாது. கொடியில் காய்ந்த துணி எதுவும் ஒன்றுபோல் இல்லை, ஒவ்வொன்றின் காலரிலும் நூலால் வேறுவேறு அடையாளம். ரெஜினா என்பவர் நீளமாகப் பின்னிய சடையோடு மீன் கழுவிக்கொண்டிருந்தார். “ஒனக்கு ஏன் முடி இவ்ளோ கொஞ்சம்? பேன் உண்டா?” என்று என்னைக் கேட்டார். ஒருவர் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். குறை சொல்ல முடிகிற இடம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மதியம் 12.45க்குச் சாப்பாடு. எங்களுக்கும் இலை போட்டார்கள். 1.20க்கு ஒரு கார் வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், மனைவி, மூன்று வயதுக் குழந்தை, அண்டாவில் பிரியாணி. குழந்தைக்குப் பிறந்தநாள். இந்த ஊர் மனிதர்களுக்குப் பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு இல்லம் வேண்டும். பன்னிரண்டு பேர் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும்.

“நாங்க வாறதுக்கு முன்னே இவியளுக்குக் குடுத்தாச்சா?” என்றார் மனைவி.

“பன்னெண்டே முக்காலுக்குன்னு போன்ல சொன்னம்லா. நீங்க வாறது வரைக்கும் பட்டினி போட முடியுமா?” என்றார் லிசி அக்கா.

ரெஜினா எட்டிப் பார்த்து, “லேட்டா வந்தா ராத்திரிக்குத்தான்” என்றார்.

காரில் வந்தவர் போனை எடுத்து, குழந்தை ஊட்டிவிடுவதுபோல் ஒரு வீடியோ எடுக்கலாமா என்று லிசி அக்காவிடம் கேட்டார். “என்ட்ட ஏன் கேக்கிய? அவியள்ட்ட கேளுங்க.”

தயங்கித் தயங்கி ரெஜினாவிடம் கேட்டார். “நூறு ரூவா தருவீரா?” என்றார் ரெஜினா. முதலில் சிரித்தது அந்த மனிதர்தான். போனைப் பைக்குள் போட்டார். குழந்தை அதற்குள் தரையில் உட்கார்ந்து யாருடைய பந்தையோ பிடுங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் நாலு மணி வரை இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு மணிக்கு லிசி அக்கா ஒரு பெஞ்சைக் காட்டினார். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர் கொஞ்சம் தள்ளி.

“அண்ணா, அருவின்னு சொன்னது பொய்” என்றேன். “அம்மாக்கு ஆபரேஷன். மூணு மாசம் ஒனக்கு இங்க இருக்க முடியுமான்னு பாக்கத்தான் வந்தோம்.”

அவன் கத்துவான் என்று நினைத்தேன். “அம்மை செத்துருவாளா?” என்றான்.

“இல்ல. நடக்க ஆவதுக்குத்தான் ஆபரேஷன்.”

“மூணு மாசம்னா எவ்வளவு?”

லிசி அக்கா எழுந்து போய் மாதக் காலண்டரைக் கழற்றி வந்தார். மூன்று தாளையும் அவன் ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

“வேண்டாம்னா?”

லிசி அக்கா சொன்னார்: “வேண்டாம்னா வேண்டாம். மொதல்ல ரெண்டு ராத்திரி தங்கச்சியும் கூட இருக்கணும். பிறவும் பிடிக்கலேன்னா, போன் அந்தா இருக்கு, நீங்களே விளிக்கலாம்.”

அண்ணன் காலண்டரை அவரிடம் திருப்பிக் கொடுத்தான். “யோசிச்சு சொல்லுதேன்” என்றான்.

முப்பத்து மூன்று வருடத்தில் இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யோசிக்கும்படி யாரும் அவனிடம் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு திற்பரப்புக்கும் போனோம். எட்டு கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய். அவன் குளிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. நியாயம்தான்.

இதே தேடலில் இருப்பவர்களுக்கு: சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னே போய்ச் சேருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள், முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளையும் பெண்களின் தலைமுடியையும் பாருங்கள். இரவில் பணியாளர்கள் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். இந்த இல்லத்தில் ஒருவர். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அருமனையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு மாலையில் பேருந்துக்குக் காத்திருக்க நேரும், நாங்கள் ஐம்பது நிமிடம் நின்றோம். முக்கியமானது, தங்கப் போகிறவரைக் கூட்டிப் போங்கள், உண்மையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

“அவன்ட்டயா கேட்டுட்டு வந்திருக்க? அவனுக்கு என்னட்டி தெரியும்?” என்று அம்மா ஏசினாள். ஆனால் அவன் தினமும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறான். அங்கே ஃபேன் சத்தம் போடுமா? ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டா? ரெஜினா எந்த அறை? லிசி அக்காவையும் அதே அழைப்பில் சேர்த்து, அவனையே கேட்கவிடுகிறேன். அறுவை சிகிச்சையை இரண்டு வாரம் தள்ளியாயிற்று. அம்மா சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள், அதற்கு மேல் தள்ள முடியாது.

நேற்று மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “தேதி உறுதி பண்ணட்டுமா?” என்று கேட்டார்.

“அண்ணன் இன்னும் முடிவு சொல்லல” என்றேன்.

“உங்க அண்ணன் டாக்டரா மேடம்?”

“இல்ல. அவன்தான் போய்த் தங்கணும்.”