கண்ணுக்குத் தெரியாத நூலும் புதுவயல் களத்துச் சூடும்

நூல் நூற்பதுதான் என் தொழில்; ஆனால் நான் நூற்ற நூலை இதுவரை வெறுங்கண்ணால் பார்த்ததில்லை. காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. பிளாஸ்டிக் மாதிரியான ஒரு பொருளைத் திரவத்தில் கரைத்து, ஊசிக்குழாயில் அடைத்து, ஊசி முனைக்குப் பயங்கரமான மின்னழுத்தம் கொடுத்தால், எதிரே சுழலும் உருளையில் நூலாகப் போய்ப் படியும். பக்கத்தில் ஒரு தலைமுடியை வைத்தால் அது தேர்வடம் மாதிரி தெரியும், அவ்வளவு மெல்லிசு. நானோ இழை என்பார்கள். இழைமேல் இழை படிந்து வெள்ளைத் தாள் போல ஆனபிறகுதான், ஏதோ செய்திருக்கிறோம் என்று நமக்கே நம்பிக்கை வரும். அதில் மின்சாரம் கடத்தும் பூச்சு கொடுத்தால், வளைத்தாலும் உடையாத சென்சார் தயார். என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது வெறுங்கையைக் காட்டிப் பழகிய சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

எதிர்வீட்டு மாடி

எங்கள் இயந்திரத்துக்கு ஈரக்காற்று ஆகாது. ஐப்பசி பிறந்துவிட்டால் நூலுக்குப் பதில் சொட்டுச் சொட்டாகத் துப்ப ஆரம்பிக்கும். நானும் ஈரப்பதமானியைக் கையில் பிடித்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் அலைவேன். போன ஐப்பசியில் ஒருநாள் வெறுத்துப்போய் இயந்திரத்தின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

அப்போதுதான் உமையாள் உள்ளே வந்தார். உமையாள் எங்கள் ஆய்வு மாணவி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தபிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர், பொறுமையில் பெரியவர். என்னையும் பார்க்கவில்லை, மானியையும் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். பிறகு துணியை உருவி மடித்து வைத்து இயந்திரத்தை ஓட்டினார். அன்றைக்குப் படிந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒரு திட்டுக்கூட இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "எதிர்வீட்ல அப்பளம் காயப் போட்டுட்டாகண்ணே. விக்கிறதுக்குப் போடுறவுக, காத்தைப் பாக்காமப் போடுவாகளா?"

தங்கமான கோடு

உமையாளின் ஆராய்ச்சி, சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார். டாக்டர் ஒருவர் அனுப்பி வைத்ததால் எங்களுக்குக் கிடைத்தவர் சேவுகன். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் களத்து வேலை. அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, வெயிலில் நின்று கிளறி விடவேண்டும். எங்களிடம் வருவதற்கு முந்தின கோடையில் உள்ளங்கால் வெந்துபோனதே அவருக்குத் தெரியவில்லை. புண் புரையோடி, சுண்டுவிரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. இன்னொரு புண் வந்தால் பாதத்துக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு புண் வந்தால் களத்தில் இறங்கவேண்டாம் என்று ஆலை முதலாளியும் சொல்லியிருந்தார். சேவுகனுக்கோ அந்தக் களம்தான் உலகம்.

அவருடைய செருப்பின் உள்பக்கம் எங்கள் சென்சாரைத் தைத்துக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பதிவை எடுத்துப் பார்த்தால், உச்சிவெயில் நேரத்தில்கூட சூடு ஏறவே இல்லை. கோடு ஆடாமல் அசையாமல் போகிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்சார் தங்கம், களம் நாம் நினைத்த அளவு சுடவில்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். உமையாள் மட்டும் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, புதுவயலுக்குப் பஸ் ஏறலாம் என்றார்.

போனோம். களத்தில் கால் வைத்ததும் நானும் உமையாளும் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதிக்கிறோம், தோசைக்கல் மாதிரி சுடுகிறது. சேவுகன் எங்களுக்கு எதிரே அதே சிமெண்டில் ஆடாமல் நின்று சிரித்துக்கொண்டு வணக்கம் சொன்னார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சென்சார் எங்கே என்று கேட்க வாயெடுத்த உமையாள், அப்படியே திரும்பிக் களத்து ஓரத்தைப் பார்த்தார். வேப்பமர நிழலில் மூன்று ஜோடிச் செருப்பு வரிசையாகக் கிடந்தது. ஒன்று சேவுகனுடையது, சென்சாரோடு. மற்ற இரண்டும் எங்களுடையவை. கழற்றிய ஞாபகமே எங்களுக்கு இல்லை. ஒரு வாரமாக நாங்கள் அளந்தது வேப்பமர நிழலைத்தான். சேவுகன் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "நெல்லு மேல செருப்புக் காலோட எப்புடி சார் நிக்கிறது? நீங்களுந்தான கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கீக."

வெளியூர் நிபுணர்

இந்த நேரம் பார்த்து, எங்கள் வேலையை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நல்ல மனிதர், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றதைத் தவிர யாருக்கும் சிரமம் கொடுக்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஆளைச் செருப்புப் போடச் சொன்னால் முடிந்ததே, இதற்கு எதற்கு ஆராய்ச்சி என்றார். ஒருவிதத்தில் நியாயமான கேள்விதான். டாக்டரும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

உமையாள் குரலை உயர்த்தவில்லை. வெறுங்காலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி சென்சார் செய்யப்போவதாகவும், நானோ இழைத் தாள் வியர்வை ஆவியை வெளியே விடுவதால் தோல் ஊறாது என்றும், உமி உரசி அது பிய்ந்துபோவதைத்தான் இன்னும் வெல்லவேண்டும் என்றும் சொன்னார். அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள், எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது: "செருப்புப் போடுறவுகளுக்கு உலகத்துல நெறையாப் பேரு சென்சார் செய்றாக சார். போடமாட்டேங்கிறவருக்கு நாங்க செய்றோம்."

அடிக்குதா?

அதற்குப் பிறகு உமையாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. விரல் அகலத்துக்குத் தாளை வெட்டி, தன் உள்ளங்காலிலேயே ஒட்டிக்கொண்டு, எங்கள் மொட்டைமாடியில் நெல்லைப் பரப்பி மத்தியான வெயிலில் நடப்பார். உமி கிழிக்கும். மறுபடி நூற்போம். மேலே ஒரு மெல்லிய படலம் கொடுத்தால் கிழியாது, ஆனால் சூடு தெரியத் தாமதமாகும். படலத்தை இன்னும் மெல்லிசாக்குவோம், மறுபடி கிழியும். சலித்துக்கொள்வது என் வேலையாகவும், அடுத்த துண்டை வெட்டுவது அவர் வேலையாகவும் இருந்தது. கடைசியில் ஒரு துண்டு நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தபோது, நானாக இருந்தால் லட்டு வாங்கிக் கொடுத்திருப்பேன். அவர் அடுத்த காலுக்கு வெட்டினார்.

என் பங்குக்கு, சூடு ஏறினால் சேவுகனுக்கு அறிவிக்கிற கருவியை நான் செய்தேன். ஆலைச் சத்தத்தில் மணி அடித்தால் கேட்காது என்று யோசித்து, செல்போன் அதிர்கிற மாதிரி அதிரும் ஒரு சின்னப் பெட்டியை அவர் கணுக்காலில் கட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, அதிரவைத்து, அடிக்குதா என்று கேட்டேன். சேவுகன் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மரத்துப்போன காலில் அதிர்வு மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உமையாள் பெட்டியை அவிழ்த்து அவர் இடுப்பு பெல்ட்டுக்கு மாற்றினார். சேவுகனோ என் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "அடிக்குதுன்னு நீங்க சொன்னாச் சரித்தான் சார்."

சித்திரை மேகம்

டாக்டரின் சம்மதத்தோடு பங்குனியில் சோதனையைத் தொடங்கினோம். இடுப்பில் அதிர்ந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்கு வந்து காலை நனைக்கவேண்டும், இதுதான் ஒப்பந்தம். என்றைக்கு இவர் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் நிற்கப்போகிறாரோ என்று தினமும் பதிவைத் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம் நாங்கள் ஆலையில் இருக்கும்போதே மேற்கே கருத்துக்கொண்டு வந்துவிட்டது. களம் நிறைய நெல் கிடக்கிறது, சிமெண்டோ இன்னும் கொதிக்கிறது. எல்லோரும் ஓடி ஓடிக் குவிக்கிறார்கள், சேவுகன் முன்னால் நிற்கிறார். திடீரென்று அவர் கை இடுப்புக்குப் போனது. அதிர்கிறது என்று தெரிந்துவிட்டது. அவர் வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். உமையாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேவுகன் நெல் தள்ளும் பலகையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நிழலுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் விட்ட இடத்தில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலாளியே இறங்கினார். மழை வருவதற்குள் நெல், குவியல்மேல் கவிழ்க்கிற பெரிய மூடிகளுக்குள் போய்விட்டது.

உமையாள் குனிந்து ஒட்டியிருந்ததை உரித்துப் பார்த்தார். உள்ளங்கால் சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. கோடை முடிந்து டாக்டர் பார்த்தபோதும் பாதத்தில் புண் என்று ஒன்று இல்லை. சேவுகன் இன்றைக்கும் அதே களத்தில்தான் நிற்கிறார். ஆனால் எனக்கு டாக்டர் சொன்னதைவிட, அந்த மழை நாளில் நெல் குவிவதைப் பார்த்துக்கொண்டே சேவுகன் செட்டிநாட்டு மரியாதையோடு உமையாளிடம் சொன்னதுதான் மறக்கவில்லை: "காலு சொல்ல வேண்டியதை இடுப்பு சொல்லுது ஆச்சி. எது சொன்னா என்ன, கேட்டுக்கிட வேண்டியதுதான்."

கண்ணுக்குத் தெரியாத நூலைக் குறையில்லாமல் நூற்கத் தெரிந்த எங்களுக்கு, கண்ணெதிரே கழற்றிப் போட்ட சொந்தச் செருப்பைப் பார்க்கத்தான் புதுவயலுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.