சிவப்பு ஊசி காட்டிய எண்

ஒரு சாண் நீளமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பக்கத்தில் எண்கள், அவற்றினூடே ஓடும் சிவப்பு ஊசி. மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் வேகமாக ஊதினால் நெஞ்சின் பலத்துக்கேற்ப ஊசி ஓரிடத்தில் போய் நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூச்சிழுப்பு வந்து அவதிப்பட்ட என் அக்கா மகளுக்கு மதுரைக் குழந்தை டாக்டர் கொடுத்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. அதற்கும் சிறிய பிள்ளைகளுக்கு இதைச் சரியாக ஊத வராது, இவளையே பழக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா வீடு பரளச்சிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் அத்தான் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவார். நாள்கணக்கில் புகையும். "ஊசி நூறைத் தாண்டலேன்னா பிள்ளைய அந்தப் புகையில வச்சிருக்காதீங்க" என்றார் டாக்டர். "மூட்டத்த எங்கிட்டு மாப்ள தூக்கிட்டுப் போறது?" என்று அத்தான் என்னைக் கேட்டார். ஊசி ஏறாவிட்டால் அவள் அருப்புக்கோட்டையில் என் வீட்டிலிருந்து படிப்பது என்று முடிவானது. அதை அவள் முன்னாலேயே பேசினோம்.

நான் பத்திரிகைக்கு மழையளவு அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய், அவளை மூன்று முறை ஊதச் சொல்லி, மூன்றில் அதிகமான எண்ணை, மழையளவைக் குறிப்பதைப் போலவே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். முதல் வாரம் தொண்ணூறு. மூன்றாம் வாரம் நூற்றைம்பது. "பாத்தியாடா, எம்புள்ள தேறிட்டா" என்று அக்கா அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். குறிப்பேட்டைப் பார்த்த டாக்டர் மருந்தைக் குறைத்தார். அவள் ஊரிலேயே இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நண்பகல். பஸ் இல்லாத நேரம் என்பதால் கரி லோடு ஏற்றிய லாரியில் அத்தான் அவளைத் தூக்கி வந்தார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் நான் பார்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. அத்தானின் சட்டை முழுக்கக் கரி. "மாப்ள, அவ பேச மாட்டேங்கிறா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிழைத்தாள். சில நாள் கழித்து மதுரையில் டாக்டர் மறுபடி ஊதச் சொன்னார். ஊசி நூற்றைம்பதுக்குப் போனது. அவர் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "இன்னொரு தடவை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊசியைப் பாக்காதீங்க, கன்னத்தைப் பாருங்க. இவ ஊதல, துப்புறா" என்றார். தெருப் பிள்ளைகளோடு புளியங்கொட்டையை எட்டத் துப்பிப் பழகிய வாய். நாக்கைச் சுண்டித் துப்பினால் வாய்க்காற்றுக்கே ஊசி ஓடும். நெஞ்சு எப்படி இருந்தாலும் ஓடும். ஏன் அப்படிச் செய்தாய் என்று அக்கா கேட்டாள். "ஊசி ஓடுனா ஒங்கூடவே இருக்கலாம்ல" என்றாள்.

அடுத்த வாரமே பையோடு என் வீட்டுக்கு வந்தாள். மூட்டம் இன்னும் பல வருடம் புகைந்தது. எண்களை நான் தவறாகக் குறிக்கவில்லை. அந்தக் குறிப்பேட்டை இன்று எடுத்துப் பார்த்தாலும் அதில் அடித்தல் திருத்தல் கிடையாது.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினாள். மேசை இழுப்பறையில் எதையோ தேடியவள் அந்தக் குழாயை எடுத்தாள். "இப்ப நெசமா ஊதுறேன், பாருங்க மாமா" என்று சிரித்துவிட்டு, நிமிர்ந்து நின்று ஊதினாள். நான் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உப்பவில்லை.

"எம்புட்டு மாமா?" என்றாள்.

அப்போதுதான் ஊசியைப் பார்த்தேன். வளர்ந்த பெண்ணுக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.