கபித்தானுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதை

எழுபதுகளின் நடுவில் வளைகுடா நாட்டில், அல் ஐன் என்ற ஊரில் ஒரு கால்பந்து கிளப்பில் எனக்கு மைதானத்துக்குத் தண்ணீர் விடும் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் கடல் கடந்து போயும் தண்ணீரை விடவில்லை பாருங்கள்! புல் வெட்டுகிறவன் என் ரூம்காரன், ராமநாதபுரத்தான். அந்த வருஷம்தான் மணலை மாற்றிப் புல் போட்டிருந்தார்கள். அந்தப் புல்லுக்குக் கிடைத்த மரியாதை எங்கள் இருவருக்கும் சொந்த ஊரில்கூடக் கிடைத்ததில்லை.

புல் வந்த கையோடு பிரேசிலிலிருந்து ஓர் ஆட்டக்காரரும் வந்து இறங்கினார். நடுக்களத்தில் ஆடுகிறவர். எல்லோரும் அவரை 'கபித்தான்' என்றார்கள், அரபுக்காரர்கள் வாயில் கேப்டன் அப்படித்தான் வரும்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முன்தலை வழுக்கை, வலது முழங்காலில் நீளமாகத் தையல் தழும்பு. அங்கே ஆடிவிட்டுத்தான் பிறகு ஓய்வு பெற்றார். பயிற்சி முடிந்ததும் எங்கள் குழாயடியில் வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தண்ணீரில் காட்டுவார். நாங்களே அரைகுறையாகக் கற்ற இந்தியை எங்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார் என்றால் அது எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்! மீதியைக் கைஜாடையில் சொல்வார். ஆற்றங்கரைச் சேற்றில் வெறுங்காலோடு ஆடியது, பெரிய கிளப்புக்குப் போனது, நாட்டுக்காகவே ஆடியது, முழங்கால் போனது, கிளப் கைவிட்டது எல்லாம் அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். அவருடைய ஆட்டத்துக்குச் சூத்திரம் ஒன்றுதான்.

"பால் ஜல்தி. மே நஹி ஜல்தி."

பந்து ஓடட்டும், நான் ஓடமாட்டேன் என்று அர்த்தம். ஆனால் கிளப் மேனேஜருக்கு ஓடாத ஆளைக் கண்டாலே ஆகாது. சீசனின் கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கபித்தானின் விசா கேன்சல் என்று சொல்லிவிட்டார். கேன்சல் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாட்டுக்காக ஆடியவருக்கும் புல் வெட்டுகிறவனுக்கும் ஒரே பயமா என்று முதலில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. "மாஃபி கேன்சல், கபித்தான்" என்று தினமும் தேற்றுவோம். கேன்சல் கிடையாது என்று சொல்ல நாங்கள் யார்? ஆனாலும் சொன்னோம். அவரும் சிரிப்பார்.

ஆட்டத்தன்று மத்தியானம் வந்து, புல்லைத் தொட்டுக் காட்டி, ஈரமாக்கச் சொன்னார். ஈரப்புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அவருக்கு ஓட்டம் மிச்சம். அவர் காரியமாயிற்றே, வெறுமனே தெளித்துவிட்டுப் போக எங்களுக்கு மனசு வரவில்லை.

"போதுமாடா?" என்றேன்.

"இருங்கண்ணே, நம்ம கபித்தானுக்கு! இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்" என்றான் வானம் பார்த்த பூமிக்காரன். தண்ணீரை அடைக்க அவனுக்குக் கை வரவில்லை. நானும் நாற்றங்காலுக்குப் பாய்ச்சுகிற நினைப்பில் கணுக்கால் நனையும்வரை விட்டுவிட்டேன். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானம் நடவுக்குத் தயாராக இருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "கலாஸ்! தும் தோனோ கேன்சல்!" என்று கத்தினார். எங்கள் இருவர் கதையும் முடிந்தது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

எதிரணி இளவட்டங்கள் ஓடி வந்து ஓடி வந்து வழுக்கி விழுந்தார்கள். எங்கள் ஆட்களும் விழுவதில் குறை வைக்கவில்லை. வழுக்கி ஓட வேண்டிய பந்தோ தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்துகொண்டது. கபித்தான் மட்டும் விழவில்லை. சேற்றில் வளர்ந்த கால் அல்லவா! நடுவில் நின்ற இடத்திலேயே நின்று, உட்கார்ந்த பந்தைக் கால்நுனியால் தோண்டித் தூக்கி, ஆகாயத்திலேயே அனுப்பினார். முடியப்போகிற நேரத்தில் அப்படிப் போன பந்து ஒன்று எங்கள் முன்வரிசைக்காரன் தலையில் பட்டுக் கோலாயிற்று. அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

ராமநாதபுரத்தானைக் கட்டிக்கொண்டு குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் எங்கள் விசா ஞாபகம் வந்தது.

மேனேஜர் கபித்தானைத் தழுவி, இன்னொரு வருஷம் இரு என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு எங்களை நோக்கி விறுவிறுவென்று வந்தார். அவரை முந்திக்கொண்டு கபித்தான் ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார், அந்த முழங்காலோடு. ஆட்டத்தில்கூட அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சேற்றுக் கைகளை எங்கள் இருவர் தோளிலும் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

"மாஃபி கேன்சல்."