அங்கம்மாள் நோட்டில் நான் எழுதிய வரி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அங்கம்மாளின் தம்பி கந்தசாமி போன் செய்தான். “அக்கா போயிட்டாங்க” என்றான். அழுது முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். “காரியத்தன்னிக்கு அக்கா நோட்டை ஜெராக்ஸ் போட்டு ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கறமுங்க. அக்காளோட சொந்த நோட்டு ஊட்டுல இல்லீங்க. ஆலத்தூர்ல ஒரு பிள்ளை பாத்து எழுதி வெச்சிருந்தா, அதை வாங்கியாந்துட்டேன். முன்னால ஒட்ட நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க.”

அந்த நோட்டில் இருப்பதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவில்லை. “எழுதித் தாரேன் சாமி” என்று வைத்துவிட்டேன். அந்த ரெண்டு வரிதான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

தொண்ணூற்றெட்டில் நானும் அவளும் கொல்லிமலையில் ஒரே விடுதியில் தங்கி ப்ளஸ் டூ படித்தோம். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; அவள் வளப்பூர் நாடு, நான் திண்ணனூர் நாடு. வேதியியலுக்கும் கணக்குக்கும் அவள் எழுதிய நோட்டைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமன்பாடுகள் நீலத்தில், நாம் தவறு செய்யும் இடங்கள் சிவப்பில். தொகையீட்டுக் கணக்குக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருப்பாள்: “விடை வராவிட்டாலும் அடித்துவிடாதே. படிக்கு மதிப்பெண் உண்டு.” நான் கழித்தல் குறியைக் கோட்டை விடுவதில் கெட்டிக்காரி. “ஏம்புள்ள, பஸ்ஸுல குடையை உட்டுட்டு வர்ற மாதிரி உட்டுட்டு வர்றியே” என்று தலையில் தட்டுவாள்.

மலையில் அப்போது ஜெராக்ஸ் கிடையாது. நல்ல நோட்டு என்றால் கையால் பார்த்து எழுதிக்கொள்வோம். எழுதுகிறவள் தனக்குத் தெரிந்த குறிப்பு ஒன்றை ஓரத்தில் சேர்ப்பது விடுதி வழக்கம். யார் சேர்த்தது என்று பெயர் போடமாட்டோம். அட்டையில் மட்டும் முதலில் எழுதியவள் பெயர் இருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அது நடந்தது. கையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பொட்டாசியம் அயோடைடு ஊற்றி மஞ்சளாகப் படிந்தால் அது காரீயம். அந்தப் பாட்டில் காலியாகிப் பல நாள் ஆகியிருந்தது. அங்கம்மாள் விரல் நுனியில் துளி தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். “இனிக்குது. காரீயம்” என்றாள். சரியாகத்தான் இருந்தது. அவள் அப்பா காட்டுக் கிழங்கு தோண்டினால், நாக்கு அரிக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாராம். அந்த வருடம் முழுக்க அவள் இப்படிச் செய்துகொண்டுதான் இருந்தாளாம். நான் வாயைப் பிளந்து நின்றேன். “இதை எங்கியும் எழுதிப்புடாத. வெசம்” என்றாள்.

நான் எழுதினேன். அடுத்த வருடப் பிள்ளைகளுக்காக அவள் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தபோது, உப்புகள் பக்கத்தின் ஓரத்தில் சேர்த்தேன்: “சந்தேகம் வந்தால் நுனி நாக்கு. இனித்தால் காரீயம்.” பெரிய ரகசியத்தைக் கொடுத்துவிட்ட பெருமை எனக்கு.

இரண்டு வருடம் கழித்து அதே பள்ளியில் ஒரு பெண் அந்த வரியை நம்பி ஒரு வெள்ளை உப்பை நாக்கில் வைத்தாள். சுவை தெரியவில்லையென்று இன்னும் கொஞ்சம் எடுத்தாளாம். அது பேரியம் உப்பு. வாந்தி எடுத்தாள், பிறகு கால்கள் விழுந்துவிட்டன. ஜீப்பில் போட்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே கொண்டுபோனார்கள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்.

கீழே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அங்கம்மாளைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். “எந்நோட்டுதானுங்க” என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பள்ளிக்கே வேதியியல் ஆசிரியையாக வர வேண்டும் என்பது அவள் ஆசை. இனி வாசல் மிதிக்காதே என்று அனுப்பிவிட்டார்கள். நான் விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம், வேறு காரணம் எதுவுமில்லை.

அதன்பின் அவள் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஒற்றையடிப் பாதையில் ஊர் ஊராக நடந்து, நோட்டு வைத்திருந்தவர்களிடம் கேட்டு அந்தத் தாளைக் கிழித்து வாங்கினாள். ஆலத்தூர் நாட்டை முடிப்பதற்குள் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டாள். அவள் நாக்கில் வைத்த உப்புகள்தான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் கேட்கத் துணிந்தேன்.

“உங்கையெழுத்துன்னு அன்னிக்கே தெரியும் புள்ள. உன்னையச் சொன்னா உன்னைய வையுவாங்க, அவ்ளோதான். அந்த வரி அங்கியேதான் கெடக்கும். எம்பேரு இருக்கற நோட்டு. நான் போயிக் கேட்டா கிழிச்சுக் குடுப்பாங்க.” பிறகு தலையணைக்கு அடியிலிருந்து, அதுவரை கிழித்து வாங்கி மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து என் கையில் வைத்தாள். “மலையில இன்னும் இருக்குது. நீ பாத்துக்கோ” என்றாள்.

கந்தசாமி, இதைப் படித்தவுடன் ஜெராக்ஸ் கடைக்குப் போ. உப்புகள் என்று தலைப்பிட்ட பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடு. மலையில் யாரிடமாவது பழைய நோட்டு இருந்தால், கேட்டு வர இனி அங்கம்மாள் இல்லை, நான்தான் வருவேன். தயவுசெய்து கிழித்துக் கொடுங்கள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு.

அவள் எனக்கு விட்டுப்போனவை ஏழு தாள்கள். நான் எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்து எத்தனை பேர் எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது.